மொரிஸ் மைனர் ஒயில் லீக்: ஹைலோமார் எண்ட நீலப் பசை ரியூப் பாவிச்சுப் பாத்த அனுபவம்

எங்கடை வீட்டிலை நிக்கிற மொரிஸ் மைனர் 1958ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின், அப்பான்ரை கையிலை இருந்து எனக்கு வந்தது. 90களிலை யாழ்ப்பாணத்திலை பெற்றோலுக்குத் தடை இருந்த நேரம் காபரேற்றருக்கை கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயிலை ஓடின கார், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதிலைதான், அதாலை இதை விக்கிற கதையே எங்கடை வீட்டிலை இல்லை. பிரச்சினை என்னெண்டா ஒயில் லீக். ஒரு இரவு நிண்டா காலமை போட்டிக்கோ சீமெந்திலை உள்ளங்கை அளவு கறுப்பு. மாசத்துக்கு ஒரு லீற்றர் ஒயில் விட்டுக்கொண்டிருந்தனான்.

கராச்சிலை காட்டினா, எஞ்சினை இறக்கோணும், பின்பக்கத்தாலை ஒயில் வராமல் அடைக்கிற பின்சீல் பழுதாப்போட்டுது, 60000 ரூபா வரும் எண்டிச்சினம். அவ்வளவு காசு இல்லாததாலை முதல்லை லீக்கை நிப்பாட்டும் எண்டு சொல்லி விக்கிற ஒரு போத்தல் மருந்தை வாங்கி ஒயிலோடை விட்டன், 300 கிலோமீற்றர் ஓடியும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏன் இல்லை எண்டதைப் பக்கத்து ஒழுங்கையிலை இருக்கிற வயசான மெக்கானிக் ஐயாதான் விளங்கப்படுத்தினார். "தம்பி, உந்த மருந்து றப்பர் சீலை ஊதவைக்கும். உன்ரை எஞ்சினிலை பின்பக்கம் றப்பர் சீலே இல்லையடா, எஞ்சினுக்குள்ளை சுத்துற கிராங் தண்டிலை புரி வெட்டியிருக்கு, அந்தப் புரிதான் ஒயிலைத் திருப்பி உள்ளுக்கை தள்ளுறது. மற்ற இடம் கூடுதலாக் கோர்க். இல்லாத சீலை எப்பிடி ஊதவைக்கிறது?" அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, பின்சீல் பழுது எண்டு சொன்ன ஆள் இந்த எஞ்சினைத் திறந்தே பாக்கேல்லை எண்டு.

இனி நான் செய்ததைச் சொல்லுறன், ஏனெண்டா எங்கை லீக் எண்டு தெரியாமல் எந்த ரியூப்பை வாங்கியும் பிரியோசனமில்லை. எஞ்சின் ஆறினாப் பிறகு மண்ணெண்ணெயும் பழைய பெயின்ற் பிரஷும் கொண்டு மேலையிருந்து கீழை வரைக்கும் கழுவி, துணியாலை துடைச்சு, ஒரு பகல் வெயிலிலை காயவிட்டன். பிறகு குழந்தைப் பிள்ளையளுக்குப் பூசுற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினன். 10 நிமிசம் ஓடவிட்டு ரோச் அடிச்சுப் பாத்தா அந்த வெள்ளையிலை ஒயில் நனைஞ்ச கோடு அச்சொட்டாத் தெரியுது. எஞ்சின்ரை மேல்மூடி, அதாவது ரொக்கர் கவர், அதின்ரை பின்மூலையிலை ஒரு கோடு, மானிஃபோல்ட் எண்ட காத்து, புகை போற குழாய்த்தொகுதிக்குக் கீழை இருக்கிற ரெண்டு பக்கமூடி, அதாவது சைட் கவரிலையும் ரெண்டு தடிச்ச கோடு. அந்த ஒயில்தான் புளொக்காலை வழிஞ்சு பின்னுக்குப் போய் பெல் ஹவுசிங் எண்ட கிளச் கூட்டுக்குக் கீழை சொட்டுறது, பாக்கிற ஆளுக்குப் பின்சீல் மாதிரித்தான் இருக்கும்.

இப்ப சாமானுக்கு வருவம். ஹைலோமார் புளூ எண்ட நீலப் பசை, லண்டனிலை இருக்கிற சித்தப்பா போன முறை வரேக்கை ரொக்கர் கவருக்கு அடியிலை லீக் வராமல் வைக்கிற கோர்க் காஸ்கற்றோடை சேத்துக் கொண்டுவந்து தந்தவர். ஸ்ரான்லி வீதியிலை நான் கேட்ட ரெண்டு கடையிலையும் இது இருக்கேல்லை, சாதாரண சிலிக்கன்தான் இருந்தது. இது றோல்ஸ் றோய்ஸ் விமான எஞ்சினுக்கெண்டு செய்யப்பட்ட சாமான். சிலிக்கன் மாதிரி இறுகிறதில்லை, எத்தினை வருசம் போனாலும் பிசுபிசுப்பாவே இருக்கும், அதுதான் இதின்ரை பெரிய குணம். எஞ்சின் சூட்டிலை விரிஞ்சு சுருங்கேக்கை அதோடை சேந்து இழுபடும், திரும்பக் கழட்டவேண்டி வந்தாலும் காஸ்கற்றைச் சுரண்டிப் பிய்க்கத் தேவையில்லை.

சிலிக்கனை நான் ஏன் வேண்டாமெண்டு விட்டனான் எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. முன் சைட் கவரைக் கழட்டின உடனை உள்விளிம்பிலை சிவப்புச் சிலிக்கன் புழு மாதிரி ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு நிண்டது. ஆரோ முந்திச் செய்த வேலை, அள்ளிப் பூசி இறுக்கியிருக்கினம், மிச்சமெல்லாம் உள்ளுக்கை பிதுங்கிப்போட்டுது. ஒரு துண்டு ஏற்கெனவே அறுந்திருந்தது. அது சம்ப் எண்ட அடி ஒயில் தட்டுக்கை விழுந்து ஒயில் பம்ப் உறிஞ்சிற வலையிலை போய் அடைச்சா பெயாரிங்கும் போச்சு, எஞ்சினும் போச்சு. விழுந்த துண்டை அந்த ஓட்டைக்குள்ளாலை வளைச்ச கம்பி கொண்டு எடுத்து முடிக்கும் வரைக்கும் எனக்கு நெஞ்சு படபடத்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பிரீதர் குழாய். முன் சைட் கவரிலையிருந்து கீழை பாத்துக்கொண்டு போற குழாய், எஞ்சினுக்குள்ளை சேருற காத்து வெளியாலை போறதுக்கு வைச்சது. அதின்ரை வாய்க்குள்ளை குளவி மண்கூடு கட்டிப்போட்டுது! அதுக்கு மேலை தார் மாதிரி ஒயில் ஊத்தை. கார் ஒரு வருசத்துக்கு மேலை ஓடாமல் நிண்டது, அப்ப கட்டியிருக்கும். காத்துப் போக வழியில்லாட்டி அந்த அமுக்கம் ஒயிலைக் காஸ்கற் பலவீனமா இருக்கிற பக்கத்தாலை தள்ளத்தான் செய்யும். இதைத் துப்பரவாக்காமல் புதுக் காஸ்கற் போட்டிருந்தா ரெண்டு மாசத்திலை பழையபடி சொட்டியிருக்கும். பழைய வண்டி வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து முதல்லை இந்தக் குழாயைப் பாருங்கோ, ஒரு சதமும் செலவில்லை.

கவர் ரெண்டும் தகரம், நடுவிலை ஒரேயொரு போல்ற், அதை முந்தி ஆரோ பலமா இறுக்கினதிலை நடு உள்வளைஞ்சு விளிம்பு எழும்பியிருந்தது. பலகையிலை கவிழ்த்து வைச்சு சின்னச் சுத்தியலாலை தட்டித் தட்டி, கண்ணாடித் துண்டிலை வைச்சு ஆடாமல் இருக்கும்வரை நேராக்கினன். இதுக்கே ஒரு பின்னேரம் போச்சுது. கோர்க் ஷீற் வாங்கிக் கத்திரிக்கோலாலை வெட்டினன். ஹைலோமாரை ரெண்டு பக்கமும் மெல்லிசா, விரலாலை இழுத்து, கீழை இருக்கிற நிறம் தெரியிற அளவுக்குத்தான் பூசினது, 10 நிமிசம் காயவிட்டு ஒட்டினது. போல்ற் வாசருக்கும் கொஞ்சம். சைட் கவருக்கு 2 அடி-றாத்தல், ரொக்கர் கவருக்கு 4, அவ்வளவுதான் இறுக்கம், அதாவது கையாலை இறுக்கிப்போட்டு ஸ்பனராலை கொஞ்சம். ரொக்கர் கவரிலை கோர்க்கைக் கவரோடை மட்டும் பசைபோட்டு ஒட்டி, ஹெட் பக்கம் கிறீஸ் தடவினன், அப்பத்தான் ரப்பெற், அதாவது வால்வ் இடைவெளி, சரிபாக்கத் திறக்கேக்கை காஸ்கற் கிழியாது. மானிஃபோல்ட் கழட்டாமல் சைட் கவரிலை கை வைக்க ஏலாது, ஆனபடியா மானிஃபோல்ட் காஸ்கற் ஒண்டும் கையிலை வைச்சிருங்கோ.

குறை எண்டு சொன்னா, கையிலை பட்டா லேசிலை போகாது, அசிற்றோன் வேணும், நான் தங்கச்சீன்ரை நகப்பூச்சு அழிக்கிற தண்ணியாலைதான் கழுவினது. மற்றது வளைஞ்ச கவரையோ பெரிய இடைவெளியையோ இது நிரப்பாது, ரெண்டு முகமும் நேரா இருக்கோணும். அந்த வேலையைச் செய்யப் பஞ்சிப்படுற ஆக்களுக்கு இந்த ரியூப் சரிவராது. மற்றபடி 10க்கு 9 குடுப்பன்.

ஒயிலும் சேத்து மாத்தினன், 20W-50, பில்ரரோடை 3.7 லீற்றர். வண்டிக்குக் கீழை போகேக்கை கல்லு அடுக்கி வைச்சுப்போட்டுப் போகாதேங்கோ, ஸ்ராண்ட் வைச்சு, சில்லுக்கு அடை குடுத்துப்போட்டுப் போங்கோ. கழட்டின பழைய ஒயிலை வளவுக்கை ஊத்தவே வேண்டாம். எங்கடை மண்ணுக்குக் கீழை சுண்ணாம்புக்கல்லு, ஊத்தினது கிணத்துக்குத்தான் போகும், சுன்னாகத்திலை கிணத்துத் தண்ணியிலை எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நான் கலனிலை அடைச்சு, பழைய ஒயில் எடுக்கிற கராச்சிலை குடுத்தன்.

இப்ப அஞ்சு மாசம். இரவிலை கீழை காட்போட் மட்டை விரிச்சு வைக்கிறன். பெல் ஹவுசிங்குக்கு நேரை, அதின்ரை அடி ஓட்டையிலை ஆடிக்கொண்டிருக்கிற ஸ்பிளிற் பின் எண்ட கம்பி ஊசிக்குக் கீழை, ரெண்டு ரூபாக் குத்தியளவு ஒரு பொட்டு விழுது, அது புரியாலை வாறது, இந்த எஞ்சினுக்கு அது வழமை எண்டு ஐயாவும் சொல்லிப்போட்டார். சைட் கவர் ரெண்டும் காஞ்சுபோய்க் கிடக்கு. ரியூப்பிலை பாதிக்கு மேலை மிச்சம், அடுத்தது எஞ்சின் முன்பக்க மூடியான ரைமிங் கவர் வேலைக்கெண்டு மூடியை இறுக்கி அலுமாரிக்கை வைச்சிருக்கிறன்.