சீலியாக் டெஸ்ட் என்று சொல்லி 16,800 ரூபாய் பிடுங்கினார்கள், குழந்தை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

போன வியாழக்கிழமை பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. என் மகளுக்குச் சீலியாக் உறுதி, அதாவது கோதுமை, பார்லி சாப்பிட்டால் குடலைக் கெடுக்கும் நோய். இன்று காலை, ஆறு மாதம் முன்பு என்னிடம் 16,800 ரூபாய் வாங்கிய அந்த ஆன்லைன் டெஸ்ட் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ்: "உங்கள் செல்லத்துக்கு மறுபரிசோதனை செய்யும் நேரம் வந்துவிட்டது! 10% தள்ளுபடி." அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸை எதிர்கொள்ள இப்போது தெம்பில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்து, மொபைலுக்குக் கலர் கலராக ரிப்போர்ட் அனுப்பும் ரகம், அவ்வளவு போதும். குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மகளுக்கு ஆறரை வயது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எடை 15 கிலோ 200 கிராம். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை, ஐந்து மாதமாக இரும்புச் சத்து டானிக் கொடுத்தும் அசையவில்லை. எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, அதனால் ராத்திரி எல்லோருக்குமே சப்பாத்தி. காலையில் பாதி நாள் ரவா உப்புமா அல்லது சேமியா. பால் என்றால் ஹார்லிக்ஸ் போட்டால்தான் குடிப்பாள், அதிலும் கோதுமையும் பார்லி மால்ட்டும். தென்னிந்தியாவில் அரிசி சாப்பிடுபவர்களுக்கு இது வராது என்று பலர் நினைக்கிறார்கள். வடக்கைவிட இங்கே குறைவு என்பது உண்மைதான், ஆனால் வரவே வராது என்றில்லை.

எங்கள் ஊர் குழந்தை டாக்டர் நல்ல மனிதர். சீலியாக்காக இருக்குமோ என்று ஒரு சீட்டில் இரண்டே ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்: டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ., டோட்டல் ஐ.ஜி.ஏ. "சாப்பாட்டுல எதையும் மாத்தாம எடுத்துட்டு வாங்கம்மா" என்றும் சொன்னார். சொன்னார்தான். பக்கத்து லேபில் கேட்டால், "இங்க எடுக்கறதில்ல, சென்னைக்கு அனுப்பணும், ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். சரி, திங்கட்கிழமை போகலாம் என்று வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி மொபைலில் "குழந்தை எடை ஏறவில்லை" என்று தேடினேன். அடுத்த நிமிடத்திலிருந்து அந்த விளம்பரம் என்னை விடவில்லை. 210 உணவுகளுக்கு ஒரே டெஸ்ட், சீலியாக்கும் சேர்த்து, 24,000 ரூபாய் மதிப்புள்ளது இன்று மட்டும் 16,800. நம்பரைப் போட்டேன், ஐந்து நிமிடத்தில் போன் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் "மேடம்". டாக்டர் எழுதிய சீட்டைப் பற்றிச் சொன்னேன். "அது ஒரே ஒரு பொருளத்தான் பாக்கும் மேடம், எங்களோடது எல்லாத்தையும் பாத்துரும்" என்றாள். நான் தயங்கினேன். அப்போது குரலைத் தணித்து, "அக்கா, நான் சொல்றேன்னு வெளிய சொல்லாதீங்க, எம் பொண்ணும் இப்படித்தான் இருந்தா. இந்த டெஸ்ட் எடுத்தப்புறம் மூணு மாசத்துல நாலு கிலோ ஏறிட்டா" என்றாள். மேடம் அக்காவாக மாறிய அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் பெண்ணின் பெயரைக் கேட்டு, அதற்கப்புறம் பெயர் சொல்லியே பேசினாள். நாற்பது நிமிடம். வீட்டில் இவரிடம்கூடக் கேட்கவில்லை, சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் 16,800 ரூபாயை அப்படியே அனுப்பினேன். போனை வைக்கும் முன் ஒன்று சொன்னாள்: "இன்னிக்கே கோதுமைய நிறுத்திடுங்கக்கா, அப்பதான் ரிசல்ட் கரெக்டா வரும்."

ஆறு மாதம் போனது அந்த ஒரு வரியில்தான்.

ஜூன் 14 பணம் கட்டினேன். ஆள் வந்து ரத்தம் எடுத்தது 25-ஆம் தேதி. ரிப்போர்ட் ஜூலை 18. இதற்குள் கோதுமை இல்லாததால் வயிற்று உப்பசம் குறைந்தது. கம்பெனிக்காரர்கள் சொன்னது சரிதான் என்று நம்பி, வெட்கமில்லாமல் அவர்களுக்கு ஐந்து ஸ்டாரும் போட்டேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, திருத்தப் போனால் விடமாட்டேன் என்கிறது.

ரிப்போர்ட் 36 பக்கம். சிவப்பில் அரிசி, பால், தயிர், துவரம்பருப்பு, முட்டை, தேங்காய். கோதுமை மஞ்சள். லாப்ஸ்டர், அவகாடோ, அஸ்பாரகஸ் எல்லாம் பச்சை, இவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சிவப்புப் பட்டியல் நான் தினமும் சமைப்பவற்றின் பட்டியல் என்று அப்போது தோன்றவில்லை பாருங்கள். போன் செய்து, "அப்ப சீலியாக் இருக்கா இல்லையா?" என்றேன். "இல்லக்கா, சும்மா சென்சிட்டிவிட்டிதான், சிவப்புல இருக்கறத ஆறு மாசம் குடுக்காதீங்க" என்றாள். ஆறரை வயதுக் குழந்தைக்கு அரிசி, பால், பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாமியார், "பின்ன எதத்தான் திங்கும் புள்ள?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சண்டை போட்டேன். செப்டம்பரில் எடை 14 கிலோ 400 கிராம்.

அப்புறம்தான் பயம் வந்து, குழந்தைகளுக்கான குடல் டாக்டரிடம் போனோம். 36 பக்கத்தையும் நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "கோதுமை சாப்பிடறாளா?" என்றார். "மூணு மாசமா நிறுத்திட்டோம் டாக்டர்" என்றேன், ஏதோ சாதித்த மாதிரி. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னது இது. இந்த 210 உணவு டெஸ்ட் பார்ப்பது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளை. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அது இருக்கத்தான் செய்யும், அது நோய்க்கு அடையாளம் இல்லை. சீலியாக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருள். சிலருக்கு உடம்பிலேயே ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்புப் பொருள் மொத்தமாகவே குறைவாக இருக்கும், அவர்களுக்கு நோய் இருந்தாலும் ரிசல்ட் நார்மல் என்று வந்துவிடலாம், அதனால்தான் கூடவே டோட்டல் ஐ.ஜி.ஏ. இந்த எதிர்ப்புப் பொருள் கோதுமை உள்ளே போகிற வரைதான் இருக்கும். நிறுத்தினால் அதுவும் இறங்கும், குடலும் ஆற ஆரம்பிக்கும், நோய் ஒளிந்துகொள்ளும். ஊர் டாக்டர் எழுதிய அதே இரண்டு டெஸ்ட். அதே "எதையும் மாத்தாதீங்க".

திரும்பக் கோதுமை கொடுக்கச் சொன்னார். தினமும் இரண்டு சப்பாத்தி, எட்டு வாரம். நோய் அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தே சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன். மூன்றாவது நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். "நேத்து வரைக்கும் கோதுமை கெட்டதுன்னு சொன்ன, இப்ப ஏம்மா குடுக்கற?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே நினைவில்லை.

நவம்பரில் எடுத்தோம். இரண்டு டெஸ்டுக்கும் சேர்த்து 2,150 ரூபாய். திரும்பச் சொல்கிறேன், 2,150. நான் தண்டம் கட்டியது 16,800. டி.டி.ஜி. அளவு 20-க்குள் இருக்க வேண்டியது இவளுக்கு 88. அந்த 20-இன் பத்து மடங்கைத் தாண்டி, இன்னொரு சாம்பிளில் ஈ.எம்.ஏ. என்ற டெஸ்டும் பாசிட்டிவ் என்றால், குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபி இல்லாமலே முடிவு செய்ய 2020-இல் ஐரோப்பாவில் வழிமுறை வகுத்திருக்கிறார்களாம். இவளுக்கு அவ்வளவு இல்லை, எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டும் என்றார். ஜூன் மாதமே எடுத்திருந்தால் தாண்டியிருக்குமா என்று கேட்டேன். "இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றார். மயக்க மருந்து கொடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் துப்பட்டாவை விடவேயில்லை அவள். சிறுகுடலில் ஐந்து இடத்தில் கிள்ளி எடுத்தார்கள், அதுதான் பயாப்ஸி.

சரி, கம்பெனிக்காரர்கள் கதைக்கு வருகிறேன். செப்டம்பரிலிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன். அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போட்டால் மணி அடிக்காமலே துண்டிக்கிறது. அலுவலக நம்பரில், "அவங்க இப்ப இங்க இல்ல மேடம்." திரும்பவும் மேடம். மெயில் போட்டால் புகார் எண் வரும், இரண்டு நாளில் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று வரும். நான்கு முறை தீர்த்திருக்கிறார்கள். ஐந்தாவது முறை ஒருவர் பேசினார்: "மேடம், 35-ஆம் பக்கத்துல பாருங்க, இது நோய் கண்டறியும் சோதனை இல்லன்னு போட்டிருக்கோமே." பார்த்தேன். போட்டிருக்கிறார்கள், எறும்பு சைஸ் எழுத்தில். "அப்ப விளம்பரத்துல சீலியாக்குன்னு ஏன் போட்டீங்க?" என்றேன். "அது மார்க்கெட்டிங் டீம் மேடம்." கடைசியாக 16,800 ரூபாய்க்குப் பதில் குடல் ஆரோக்கியப் பவுடர் ஒரு டப்பா இலவசமாகத் தருகிறேன் என்றார்கள். அந்த டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் பார்லி.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அவள் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள், சுருக்கமாக: டெஸ்ட் முடிகிற வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதாத டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள். போனில் அக்கா என்றால் வைத்துவிடுங்கள். உறுதியானால் கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் எடுக்கச் சொல்கிறார்கள், இவள் தம்பிக்குச் சனிக்கிழமை.

இன்னொன்று, கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று நேற்றுதான் தெரிந்தது, டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருக்கிறது. சாம்பார், ரசம் எல்லாவற்றிலும் அதைத்தான் இத்தனை நாளாகப் போட்டிருக்கிறேன். மைதா இல்லாத பெருங்காயம் திருச்சியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.