பயந்த குதிரைக்கு வந்த பயிற்சியாளர்: நான்கு மாத அனுபவம்

மெரினாவில் சவாரிக்கு ஓடி அடிபட்ட பெண்குதிரையை வாங்கினேன். கையைத் தூக்கினாலே தலையை வெடுக்கென்று இழுத்து லாயத்து மூலையில் போய் நடுங்கும். வீட்டுக்கே வந்த பயிற்சியாளர் முதல் வாரம் அதைத் தொடவே இல்லை, கொள்ளு வாளியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் கண் தெரியாது, தோள் பக்கமாகத்தான் போக வேண்டும், அது நம் பக்கம் ஓர் அடி வைத்தால் உடனே நாம் விலகிவிட வேண்டும் என்றார். இதற்கா காசு என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் நான்காம் மாதம், தலையைத் தாழ்த்தி, வாயை மென்றபடி என் தோளில் மூச்சு விட்டது பாருங்கள், அழுதுவிட்டேன். கட்டணம் கூடுதல்தான், ஆனால் அவசரப்படுத்தாத ஆள் வேண்டுமென்றால் இவரைத் தாராளமாகக் கூப்பிடலாம். சேணம் போட இன்னும் விடவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.