கிரேப் பேப்பர் பூவுக்கு கலர் ஏத்த எது நல்லாருக்கு, எது வேணாம்: வெள்ளை ரோல் + சாஃப்ட் பேஸ்டல் ரிவ்யூ

பேப்பர் பூ செய்யறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன்ங்க, கலர் கலரா பத்து ரோல் வாங்கி அடுக்காதீங்க, கனமான கிரேப் பேப்பர்ல (சுருக்கம் சுருக்கமா இருக்கும்ல, இழுத்தா நீளும், அந்த தாள்) வெள்ளை ஒண்ணு, சந்தன கலர் ஒண்ணு, இலைக்கு பச்சை ஒண்ணு போதும், மீதி கலரை நீங்களே ஏத்திக்கலாம். கடைல வர்ற ரோஸ் கலர் பேப்பர் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கலரா இருக்கும், ஆனா எந்த பூவும் அப்படி இருக்கறதில்லையே. ஓசூர் பக்கம் ரோஜா தோட்டத்துல இருந்து வர்ற ஒரு பூவை பிரிச்சு இதழை தனியா எடுத்து பாருங்க, காம்பு ஒட்டுற இடத்துல வெளிர் மஞ்சளா பச்சையா இருக்கும், மேல போக போக சிவப்பு ஏறும், ஓரத்துல இன்னும் கருஞ்சிவப்பா இருக்கும். அந்த மூணு கலரும் ஒரே இதழ்ல வந்தாதான் பூ பூ மாதிரி தெரியும்.

நான் வாங்கினது இத்தாலி 180 கிராம் ரோல் (கிராம் கூடினா தாள் கனம்னு அர்த்தம்), கார்ட்டோடெக்னிகா ரோஸ்ஸின்னு கம்பெனி பேரு, 50 செ.மீ அகலம் 2.5 மீட்டர் நீளம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு பேன்சி ஸ்டோர்ல சொல்லி வச்சா அண்ணன் வரவழைச்சு தர்றார். "வெள்ளைய வாங்கினு போயி என்னக்கா பண்ணுவீங்க, ரோஸு சிவப்புதான எல்லாரும் கேக்கறாங்க"ன்னார், செஞ்ச பூவ எடுத்துனு போய் காட்டினதுல இருந்து அவரே மத்தவங்களுக்கும் வெள்ளைய எடுத்து காட்டறாரு. விலை கூடதான், மறைக்கல. ஆனா இழுத்தா ரெண்டு மடங்குக்கு மேல நீளுது, பெருவிரல வச்சு நடுவுல அழுத்தி குழி பண்ணா அந்த குழி அப்படியே நிக்குது. ஸ்கூல் பங்ஷனுக்கு தோரணம் கட்டற மெல்லிசு பேப்பர்ல இது நடக்காது, கிழிஞ்சுடும், இல்லன்னா சாயங்காலத்துக்குள்ள இதழ் தொங்கிடும்.

இப்ப கலருக்கு வருவோம். எனக்கு முதல் இடம் சாஃப்ட் பேஸ்டல்தான், சாக்பீஸ் மாதிரி பொடியா உதிர்ற கலர் குச்சி. முங்யோ கம்பெனி செட் வச்சிருக்கேன், ரொம்ப நல்லாருக்கு. குச்சிய பிளேடால சுரண்டி பொடி ஆக்கிக்கணும், காது குடையற பஞ்சுக்குச்சி இல்லன்னா பழைய மேக்கப் பிரஷ்ல தொட்டு, பேப்பர்ல கோடு கோடா இருக்குல்ல, அந்த கோட்டு வாக்குலயே கீழ இருந்து மேல இழுக்கணும், குறுக்க தேச்சா பொடி மேடு மேல மட்டும் ஒட்டி திட்டு திட்டா தெரியும். தண்ணி படாததால பேப்பரோட சுருக்கம் அப்படியே இருக்கு, கலர் ஏத்தி முடிச்ச பிறகும் இழுக்கலாம் வளைக்கலாம். கடைல வெறும் பேஸ்டல்னு கேட்டா ஆயில் பேஸ்டல எடுத்து நீட்டுவாங்க, வாங்கிடாதீங்க, அது மெழுகு மாதிரி சுருக்கத்துக்குள்ள அடைச்சுக்கும். சாஃப்ட் பேஸ்டல்னு டப்பால எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. ஒரே குறை கைல ஒட்டும், அதனால வெளிர் கலர் இதழ முதல்ல முடிச்சுட்டு அப்புறம் அடர் கலருக்கு போங்க, கடைசியா பொடி உதிராம பிடிச்சு வைக்கற பிக்ஸட்டிவ் ஸ்ப்ரே தூரத்துல இருந்து லேசா அடிச்சா நின்னுடும்.

வாட்டர் கலர் அழகா பரவும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா கிரேப் பேப்பர்ல சுருக்கம்தான் உசுரு, நனைஞ்சா சுருக்கம் விரிஞ்சு பேப்பர் நீண்டு போயிடும், காஞ்ச பிறகு இழுக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. அதனால குழி வேண்டாத தட்டை இதழுக்கு, அரளி மாதிரி பூவுக்கு மட்டும் வச்சுக்கலாம், பிரஷ்ஷ துணில ஒத்தி எடுத்துட்டு தொடணும், கிளிப்புல தொங்கவிட்டு காய வைக்கணும். தண்ணிக்கு பதிலா ஸ்பிரிட்ல கரையற ஆல்கஹால் இங்க் பரவால்ல, சட்டுனு ஆவியா போயிடறதால சுருக்கம் அவ்வளவா கெடறதில்ல, ஜன்னல தொறந்து வச்சுக்குங்க. பெவிக்ரில் அக்ரிலிக் ஓரத்துக்கு மட்டும், இதழுக்கு குழி பண்ணி முடிச்ச பிறகு, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ல. மொத்தமா பூசினா இதழ் அட்டை மாதிரி விறைச்சுக்கும்.

செலவே இல்லாம ஒண்ணு இருக்கு. மெல்லிசு கலர் கிரேப் பேப்பர் துண்டு வீட்ல மிச்சம் கிடக்கும்ல, அத கொஞ்சம் தண்ணில போட்டா சாயம் பூரா இறங்கிடும், அந்த தண்ணில வெள்ளை இதழோட நுனிய மட்டும் முக்கி எடுங்க, கலர் தானா மேல ஏறி மங்கி போய் நிக்கும். இதுக்கு தலைகீழா சிவப்பு பேப்பர் நுனிய தண்ணி கலந்த ப்ளீச்ல தொட்டா ஓரம் வெளுத்து வரும், கை உறை போட்டுக்குங்க, வினிகர் பாட்டில் பக்கத்துல கூட வச்சுக்காதீங்க, ரெண்டும் கலந்தா விஷ வாயு வரும்.

வெள்ளைய நான் இவ்வளவு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கலர் பேப்பர்ல ஏத்தியிருக்கற சாயம் வெயில்ல வெளுக்கும், நம்ம ஊரு வெயிலுக்கு ஜன்னலோரம் வச்ச சிவப்பு ரோஜா சீக்கிரமே செங்கல் கலருக்கு போயிடுது. வெள்ளை மேல பேஸ்டல், அக்ரிலிக் போட்டது அவ்வளவு சீக்கிரம் மங்கல. கொலுவுக்கு, வாசல் அலங்காரத்துக்கு செஞ்சத எடுத்து வச்சு திரும்ப வைக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம். புட் கலர் போடவே போடாதீங்க, காசு மிச்சம்தான், ஆனா வெளுத்துடும், ஈரக் கை பட்டாலும் கறை ஆகும்.

எனக்கு இன்னும் சரியா அமையாதது சாமந்திதான். தொப்பூர், நல்லம்பள்ளி பக்கம் தோட்டத்துல பூத்து நிக்கற மஞ்சள் சாமந்திய பாத்தா நடுவுல இருக்கற குட்டி இதழெல்லாம் பச்சை கலந்த மஞ்சள், வெளிய வர வர பளிச்சுனு மஞ்சள். 180 கிராம்ல அத்தன பொடி இதழ் வெட்டி சுத்தினா அடி தடிச்சு போய் காம்பு மேல குண்டா உக்காருது. இதுக்கு ஜெர்மன் டபுள் கிரேப் சரியா வரும், ரெண்டு மெல்லிசு தாள ஒட்டி பண்றது, 90 கிராம்தான், முன்பக்கம் ஒரு ஷேடு பின்பக்கம் ஒரு ஷேடுனு கூட வருது. தர்மபுரிலயோ ஓசூர்லயோ அது கிடைக்கற கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, மஞ்சள்ல வேணும்.