தொட்டியும் மீனும் ஒரே நாளில் தருகிறோம் என்றால் பணம் கொடுக்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் முதல்முறையாகக் கடல் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் என் அக்கா வீட்டுக்கு ஒரு கடைக்காரர் தொட்டி அமைத்துக் கொடுத்தார். முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினார். அவர் விட்ட மீன்களில் இன்று ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர் பேசிய பேச்சை மட்டும் எழுதுகிறேன். வேறு ஊர்களிலும் இதே பேச்சைச் சொல்லி விற்கிறார்கள் என்பதால் அது தெரிந்தாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம்.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அத்தான் வாக்குக் கொடுத்தபடி மூன்றடித் தொட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். சுமார் 150 லிட்டர் பிடிக்கும். கடைக்காரர் காலையில் வந்து தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, உப்பைக் கொட்டிக் கலக்கினார். மாலையில் மீன்களைப் பைகளில் கொண்டுவந்தார். "பாக்டீரியா மருந்து ஊற்றியிருக்கிறேன் அண்ணா, இன்றைக்கே மீன் விடலாம்" என்று அத்தானிடம் சொன்னார்.

முதல் பொய் அதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு, செவுளை எரித்துவிடும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே தண்ணீர் மீன் வாழும் நிலைக்கு வரும். இந்த இரண்டு வகையும் கல்லிலும் மணலிலும் போதுமான அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாட்டில் பாக்டீரியா அந்தக் காலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் யாரும் தண்ணீர் தயார் என்று சொல்ல முடியாது. அவரிடம் அளக்கும் கருவியே இல்லை. நான் தருமபுரியிலிருந்து போனபோது, நன்னீர் மீன்களுக்கு நான் வைத்திருக்கும் அம்மோனியா சோதனைப் பெட்டியை எடுத்துப் போனேன். கடல் நீருக்கும் அது பொருந்தும். சொட்டு விட்டால் குழாயில் மஞ்சள் நிறம் நிற்க வேண்டும். எங்கள் கண் முன்னால் அது மெல்ல மெல்லப் பச்சையாகி, கடைசியில் கரும்பச்சையாக நின்றது. தொட்டியில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

உப்பிலும் ஏமாற்று. பெயரோ விவரமோ எதுவும் அச்சிடாத வெள்ளைப் பையில் கொண்டுவந்து, "தூத்துக்குடி கடல் உப்பு, கலப்படம் இல்லாதது" என்றார். சமையல் கல் உப்பு கடலிலிருந்துதான் வருகிறது என்பது உண்மையே. ஆனால் அது அநேகமாக முழுக்க சோடியம் குளோரைடு. கடல் நீரில் கரைந்திருப்பதில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 சதவீதம். மீதியில் சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. உப்பளத்தில் உப்பைப் படிய வைக்கும்போது இவற்றில் பெரும்பகுதி பிரிந்துபோய்விடும். கடல் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்பில் இவை எல்லாம் அளவாகக் கலந்திருக்கும். விலை பல மடங்கு அதிகம். அந்த விலையைத்தான் அவர் எங்களிடம் வாங்கினார்.

தண்ணீரைப் பற்றியும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் 2013-ல் வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரின் தாதுக்கள் கடல் தொட்டிக்கு ஆகாது. குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். கடல் உப்பைக் கரைக்க டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்.ஓ. நீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் பகுதி இருப்பதால் அந்த நீரையும் அளந்துவிட்டே எடுக்க வேண்டும். இவர் மாடித் தொட்டியிலிருந்து குழாய் போட்டு நேராக நிரப்பிவிட்டார். தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீரையே கலந்து ஊற்றுங்கள் என்றும் சொல்லிப் போனார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர்க் கோடையில் அவர் சொன்னபடி செய்தால் சில வாரங்களில் உப்பு எங்கேயோ ஏறிவிடும். அடர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நான் பார்த்த அன்று 1.030-ஐத் தாண்டியிருந்தது.

இனி மீன்களுக்கு வருகிறேன். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அவர் விட்டவை: கடையில் நீமோ என்று சொல்லும் கோமாளி மீன் இரண்டு, டொமினோ டாம்சல் மூன்று, டோரி என்று விற்கும் நீல டாங் ஒன்று, சுத்தம் செய்யும் இறால் இரண்டு. "எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும், சின்ன மீன்தானே" என்றார். டொமினோ கறுப்பாக, மூன்று வெள்ளைப் புள்ளியோடு, விரல் நுனி அளவில் மிக அழகாக இருக்கும். வளர்ந்தால் 14 சென்டிமீட்டர் வரை வரும். ஒரு கல்லைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் வரும் எதையும் விடாது. நான் அரை மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய டொமினோ, கோமாளி மீன்களில் சிறியதை ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒதுக்கி வைத்திருந்தது. தீனி போட்டால் அது வெளியே தலை நீட்டும், உடனே டொமினோ பாயும், அது மறுபடி உள்ளே போய்விடும். வால் துடுப்பு நுனியெல்லாம் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. அக்கா மகள், "மாமா, அது சாப்பிட்டே நான் பார்த்ததில்லை" என்றாள். இரண்டு நாளில் அது போய்விட்டது.

நீல டாங்கை அந்தத் தொட்டிக்கு விற்றது மன்னிக்க முடியாதது. அது 30 சென்டிமீட்டர் வரை வளரும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன், ஆறடித் தொட்டியாவது வேண்டும். நெருக்கடியில் வைத்தால் வெள்ளைப் புள்ளி நோய் முதலில் பிடிப்பதும் இதைத்தான். பிடித்தது. உடம்பில் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள். கடைக்காரரிடம் சொன்னதும் லேபிள் இல்லாத ஒரு நீலப் புட்டியைக் கொடுத்துத் தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார். அன்று இரவே இறால்கள் இரண்டும் செத்தன. இந்த நோய்க்குச் செம்பு கலந்த மருந்து உண்டு, ஆனால் இறாலுக்கும் சங்குக்கும் செம்பு நஞ்சு. கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால்தான் நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அளந்து மருந்து கொடுக்கிறார்கள். புட்டியில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

பிறகு, செத்த மீன்களுக்கு ஈடு என்று ஒரு சிங்க மீன் குஞ்சைக் கொண்டுவந்தார். அதன் முதுகு முள் நஞ்சு. பள்ளிக்கூடப் பெண் கை விட்டுச் சுத்தம் செய்யும் தொட்டி அது. வாய்க்குள் நுழையும் எந்த மீனையும் சிங்க மீன் விழுங்கிவிடும். நல்லவேளையாக அன்று நான் அங்கே இருந்தேன், வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். போகும்போது அத்தானைத் தனியே அழைத்து, "கடல் குதிரையும் உயிருள்ள பவளமும் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வாங்கினால் வழக்கு வாங்குகிறவர் மீதும் வரும். அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்டாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மூன்றடித் தொட்டியில் எந்த மீன்கள் ஒத்து வாழும் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. கோமாளி மீன் ஒரு ஜோடி வைக்கலாம். ஜோடிக்கு மேல் வேண்டாம், வெவ்வேறு வகைக் கோமாளிகளையும் சேர்க்க வேண்டாம். கடலில் அவை ஒளிந்து வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலே தொட்டியில் நன்றாக வாழும். தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குஞ்சுகள் உருண்டைத் தீனியைத் தயங்காமல் சாப்பிடும். கூடவே மணலில் வாழும் கோபி ஒன்று, பாங்காய் கார்டினல் ஒன்று. ஃபயர்ஃபிஷ் வைத்தால் மேலே வலை மூடி கட்டாயம், அது துள்ளி வெளியே விழும். இவ்வளவு போதும். இதையும் ஒரே நாளில் விடக்கூடாது. பயந்த சுபாவம் உள்ளதை முதலில் விட்டு அது ஓர் இடம் பிடித்த பிறகு அடுத்தது, முரட்டுத்தனம் உள்ளது கடைசியில். கோமாளி ஜோடியைக்கூட நான் கடைசியில்தான் விடச் சொல்வேன். மாண்டரின் மீனின் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கல்லில் ஊரும் நுண்ணிய கணுக்காலிகளையே தின்று வாழ்வது அது, புதுத் தொட்டியில் பட்டினியால் மெலிந்து சாகும். டாம்சல் "கெட்டி மீன், முதலில் அதை விட்டுத் தண்ணீரைப் பழக்கலாம்" என்று சொல்வார்கள். அம்மோனியாவில் அதுவும் வேகத்தான் செய்யும். தப்பிப் பிழைத்தால் பின்னால் வரும் மீன்களை எல்லாம் அடிக்கும்.

சென்னை கொளத்தூருக்கோ பெங்களூருக்கோ போய் வாங்கினாலும் கடையில் நின்று சில விஷயங்களைப் பாருங்கள். உங்கள் எதிரிலேயே மீனுக்குத் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன் வேண்டாம். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தால், செவுள் படபடவென்று அடித்தால் வேண்டாம். கடைத் தொட்டியின் உப்பு அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். பல கடைகளில் நோய் தெரியாமல் இருக்கக் குறைத்து வைத்திருப்பார்கள், அதை அப்படியே 1.025-ல் விட்டால் மீன் தாங்காது. நல்ல கடைக்காரர் உங்களைத் திருப்பிக் கேட்பார்: தொட்டி எத்தனை லிட்டர், வைத்து எத்தனை வாரம் ஆகிறது, உள்ளே வேறு என்ன மீன் இருக்கிறது. இந்த மூன்றையும் கேட்காமல் வலையை எடுப்பவர் மீன் சாவதைப் பற்றிக் கவலைப்படாதவர். செத்தால் அடுத்த மீனும் அவரிடம்தான் வாங்கப்போகிறோம்.

"உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்பதுதான் கடைசியில் அவர் சொன்ன பதில். உத்தரவாதம் நாங்களும் கேட்கவில்லை. பொய் சொல்லி விற்ற உப்புக்கும், பொருந்தாது என்று தெரிந்தே விற்ற மீனுக்கும், பெயரில்லாத மருந்துக்கும் பணத்தைத் திருப்பிக் கேட்கிறோம். ரசீது தரவில்லை என்பதால் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்திகள், உப்புப் பை, நீலப் புட்டி, செத்த மீன்களின் படங்கள் எல்லாவற்றையும் அக்கா மகள் தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதே போல வாங்கி இழந்தவர்கள் பையையும் புட்டியையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.