சட்டையா டி-ஷர்ட்டா, கட்டிலா நாற்காலியா: ஒரு பக்கம் வராதவருக்கு உடை மாட்டிவிடும்போது

பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள், அவருக்குச் சட்டை போட்டுவிட எனக்கு அரை மணி நேரம் ஆனது. எளிதாக வருகிறதே என்று நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டேன். மிச்சத் துணி முதுகுக்குப் பின்னால் இறுகிப்போனது. விறைத்திருந்த இடது கையை அதற்குள் கொண்டுபோகப் பின்னால் வளைத்து இழுத்தேன். வலியில் அவர் கண்ணை மூடிக்கொண்டது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

போடும்போது வராத பக்கம் முதலில், கழற்றும்போது அது கடைசியில். இதில் மட்டும் தேர்வுக்கு இடமே இல்லை. நல்ல கை எப்படியும் வளைந்து நெளிந்து உள்ளே போய்விடும். வராத கைக்குத்தான் துணியின் தளர்வு முழுவதும் வேண்டும். இது போக மற்ற எல்லாவற்றிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன்.

முன்னால் திறக்கும் சட்டையா, தலைவழியாகப் போடும் டி-ஷர்ட்டா?

முதல் சில மாதங்களுக்குச் சட்டைதான் என்பது என் முடிவு. காரணம் தோள்பட்டை. தோள்மூட்டைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள தசைகள்தான். அவை தளர்ந்துவிட்டால் கையின் கனமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அந்தக் கையை மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ பல மாதம் விடாத வலி வந்துவிடலாம். சட்டை போடும்போது கையை மேலே தூக்க வேண்டிய வேலையே இல்லை. அவரை உட்காரவைத்து, சட்டையை மடியில் விரித்து, வராத கைக்கான ஸ்லீவை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொங்கவிட வேண்டும். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தால் கை தன் கனத்திலேயே அதற்குள் இறங்கும். பிறகு துணியை முழங்கையைத் தாண்டி, தோள் வரைக்கும் முழுதாக ஏற்ற வேண்டும். பலரும் முழங்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். சட்டையை முதுகுப் பக்கம் சுற்றும்போது அது நழுவிக் கீழே விழுந்துவிடும். தோளில் உட்கார்ந்துவிட்டால் மற்றதைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நல்ல கையை நுழைப்பது நிமிட வேலை.

டி-ஷர்ட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் பட்டன் இல்லை. ஒரே கையால் தானே உடுத்த நினைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வராத கையில் ஸ்லீவை முழங்கைக்கு மேல் ஏற்றி, நல்ல கையை நுழைத்து, முதுகுப் பக்கத் துணியைச் சுருட்டிப் பிடித்துத் தலையைக் குனிந்தால் போதும். சிக்கல் என்னவென்றால், துணி முகத்தை மூடும் அந்தச் சில நொடிகளில் நிதானம் தவறுகிறது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறவருக்கு அது பயம். மூளையின் வலது பகுதி பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. அவர்களுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றும் குழம்பும். ஆகவே உட்காரும் நிதானம் வந்தபின், கழுத்து அகலமான, ஒரு அளவு பெரிய டி-ஷர்ட்டுக்கு மாறுவது நல்லது. அப்பா அப்படித்தான் மாறினார்.

கை விறைத்து மடங்கியிருந்தால் எந்த உடையானாலும் பலவந்தம் கூடாது. முழங்கையையும் மணிக்கட்டையும் தாங்கிப் பிடித்து, மெதுவாக நீட்டிக் காத்திருங்கள். இறுக்கம் கொஞ்சம் விடும். மூடிய விரல்கள் திறக்க மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கிப் பாருங்கள். விரல்களை மட்டும் பிடித்துப் பிரிப்பதைவிட இது எளிது.

சட்டையே வேண்டும் என்பவருக்கு ஒரு யோசனை. நல்ல கைப் பக்கத்து மணிக்கட்டு பட்டனை எலாஸ்டிக் நூலால் தைத்துவிடுங்கள். வராத கையால் அந்தப் பட்டனைப் போட முடியாது. இப்படித் தைத்தால் பட்டன் போட்டபடியே கை உள்ளே போய்விடும். முன்பக்கத்தில் காஜாவுக்கு மேல் பட்டனைத் தைத்து, அடியில் வெல்க்ரோ வைத்தால் பார்ப்பதற்குச் சாதாரணச் சட்டைதான். வெல்க்ரோவின் சொரசொரப்பு தோலில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேன்ட்: கட்டிலிலா, நாற்காலியிலா?

படுத்தபடி போடுவதில் விழும் பயம் இல்லை, களைப்பும் குறைவு. வராத காலை முதலில் நுழைத்து, பிறகு நல்ல காலை நுழைத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை மெத்தையில் ஊன்றச் சொல்ல வேண்டும். வராத பாதம் நழுவாமல் நாம் பிடித்துக்கொண்டால் அவரே இடுப்பைத் தூக்குவார். அந்த நேரத்தில் ஏற்றிவிடலாம். இடுப்பைத் தூக்க முடியாதவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டித்தான் ஏற்ற வேண்டும். குறை என்னவென்றால் துணி அடியில் சுருண்டுகொள்ளும். உணர்ச்சி இல்லாத பக்கத்தில் அந்தச் சுருக்கம் உறுத்துவது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கையால் நீவிவிடுவது நம் பொறுப்பு.

நாற்காலியில் என்றால் கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். வராத காலை நல்ல முழங்காலின் மேல் போட்டு பேன்டை நுழைத்து, இரண்டு தொடை வரைக்கும் ஏற்றி, அப்புறம் எழுந்து நின்று இடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். நிற்கும் அந்த நொடிதான் ஆபத்து. அவர் நல்ல கையால் கனமான மேசையைப் பிடித்துக்கொள்ள, நாம் வராத பக்கத்தில் நின்றுகொண்டு ஏற்றிவிட வேண்டும். தலை சுற்றுகிறது என்றால் உடனே உட்காரவைத்துவிடுங்கள்.

நிற்கும் பயிற்சியும் நிதானமும் நாற்காலியில்தான் கிடைக்கும். ஆனாலும் நான் ஒன்றையே பிடித்துக்கொள்ளவில்லை. களைப்பான நாட்களில் பேன்ட் கட்டிலில், சட்டை நாற்காலியில். இடுப்பில் எலாஸ்டிக் இருந்துவிட்டால் ஜிப் வைத்ததா, நாடா வைத்ததா என்ற கேள்வியே எழாது.

நாம் போட்டுவிடுவதா, அவரே போடுவதா?

எங்கள் வீட்டில் அதிகச் சண்டை வந்தது இதில்தான். நாம் போட்டால் பத்து நிமிடம், அவர் போட்டால் நாற்பது நிமிடம். மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் நாமே போட்டுவிடுவதில் தவறில்லை. தினமும் அப்படியே செய்தால், கொஞ்சம் அசைவு திரும்பிய கையையும் பயன்படுத்தாமலே விட்டுவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. அன்றாட வேலைகளை ஒருவரால் எவ்வளவு தானே செய்ய முடிகிறது என்று அளக்க 1965-இல் வெளியான பார்த்தெல் அளவுகோலில் உடுத்துவதற்கு 10 மதிப்பெண். உதவி வாங்கிக்கொண்டாலும் பாதியளவு தானே செய்கிறவருக்கு அதில் 5 உண்டு. அந்த 5 எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. முழுதாகச் செய்ய முடியாது என்பதற்காக முழுதாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வராத கையை ஸ்லீவில் நுழைத்துத் தோள் வரை ஏற்றுவது நான். மற்றதெல்லாம் அவர். உடைகளைப் போடும் வரிசையிலேயே அடுக்கிவைப்பேன். டிவியை அணைத்துவிடுவேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்வேன். பேச்சும் பாதிக்கப்பட்டவர் என்றால் சொல்வதைவிடத் துணியைக் கையில் எடுத்துக் காட்டுவது சீக்கிரம் புரியும்.

சாக்ஸ் மட்டும் இன்றைக்கும் நான்தான் போட்டுவிடுகிறேன். இரவு கழற்றும்போது இடது குதிகாலையும் கணுக்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். தோலின் நிறம் மாறியிருந்து, அரை மணி நேரம் கழித்தும் அது மாறாமல் இருந்தால், மறுநாள் அவருடைய செருப்பும், பாதத்தைத் தாங்கிப் பிடிக்கக் காலில் மாட்டும் ஸ்ப்ளின்ட்டும் தெரபிஸ்ட் பார்த்த பிறகுதான் காலில் ஏறும்.