சேடிலா, நட்டா? எலக்ட்ரிக் கிட்டாரின் சுருதிப் பிசகை எங்கே திருத்துவது

விரல் வைக்காமல் மீட்டும்போது ஆறு தந்திகளும் ட்யூனரில் துல்லியமாக நிற்கின்றன. ஆனால் இ மேஜர் கார்டை (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடியை) பிடித்தவுடன் மூன்றாம் தந்தி காதை உறுத்துகிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி சற்றே இழுபட்டுச் சுருதி ஏறுவதே இதற்கு அடிப்படைக் காரணம். தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதன் உள்கம்பி எவ்வளவு தடிமனானது என்பவற்றைப் பொறுத்து இந்த ஏற்றம் தந்திக்குத் தந்தி மாறும். வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகளையும் மேளம் கட்டும்போது, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப அமைக்கும்போது, தனித்தனியே நகர்த்தி இதைச் சரிசெய்துவிடலாம். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை என்பதால், தந்தியின் இரு முனைகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்துச் சேடிலும் கழுத்தின் உச்சியிலுள்ள நட்டும் மட்டுமே நம் கைக்கு எட்டுகின்றன.

சேடிலை நகர்த்துவதே எல்லோரும் முதலில் நாடும் வழி. அதற்குக் கருவிகளின் வரலாறும் ஒரு காரணம். 1950களின் தொடக்கத்தில் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டரில் இரண்டு தந்திகளுக்கு ஒரு சேடில் என மூன்றே இருந்தன. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும், அதே ஆண்டு கிப்சன் அறிமுகப்படுத்திய ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜும் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேடில் கொடுத்தன. முறை எளியது: புதுத் தந்தி மாட்டி, 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியையும்) அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட வேண்டும், அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை நட்டை விட்டு விலகப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். பழந்தந்தியில் இதைச் செய்வது வீண் வேலை. தேய்ந்தும் அழுக்கேறியும் எடை சீரற்றுப்போன தந்தி எந்த இடத்திலும் நிலையான விடை தராது.

சேடிலின் எல்லை எங்கே என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். நட்டிலிருந்து சேடில்வரை 648 மில்லிமீட்டர் தந்தி நீளம் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சேடிலை 1 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து மறுபடி சுருதி சேர்த்தால், 12ஆம் ஃப்ரெட்டின் சுரம் சுமார் 2.7 சென்ட் இறங்கும். முதல் ஃப்ரெட்டிலோ 0.16 சென்ட்தான் இறங்கும். அரைச் சுரம் ஒன்றுக்கு 100 சென்ட் என்பதை நினைத்தால், கழுத்தின் உச்சியில் சேடிலுக்கு ஏறக்குறைய எந்த அதிகாரமும் இல்லை என்பது விளங்கும்.

என்னிடம் ஒருமுறை வந்த கிட்டாரில் மூன்றாம் தந்தியின் சேடிலை ஸ்பிரிங் முழுக்க நெருங்கும்வரை, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், பின்னுக்கு இழுத்திருந்தார்கள். 12ஆம் ஃப்ரெட் சுமார் 13 சென்ட் தாழ்ந்து போயிருந்தது. முதல் ஃப்ரெட் அப்போதும் 12 சென்ட் ஏறியே ஒலித்தது. மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பார்த்தபோது, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே நூலிழைக்குமேல் இருக்கக்கூடாத இடைவெளி, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருந்தது. நட்டின் பள்ளம் உயரமாக இருந்ததே குற்றம். தந்தியின் தடிமனுக்கு ஏற்ற அரத்தால், தலைப்பக்கம் சரிவாக, நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை அளந்து பள்ளத்தை ஆழமாக்கிய பின் முதல் ஃப்ரெட்டின் ஏற்றம் 3 சென்ட்டுக்கு வந்தது. சேடிலும் தன் இடத்துக்குத் திரும்பியது. எனவே என் கருத்தில் நட்டின் உயரத்தைப் பார்க்காமல் சேடிலின் ஸ்க்ரூவைத் தொடுவது தவறான வரிசை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: அரம் அளவுக்கு மீறி இறங்கினால் விரல் வைக்காத தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும், அப்போது நட்டையே மாற்ற நேரும்.

உயரம் சரியான பிறகும் நட்டுக்கு அருகிலுள்ள ஃப்ரெட்டுகள் ஏறி ஒலித்தால், ஈடுசெய்யும் நட் உதவும். எர்வானா நட் தந்தி தொடங்கும் இடத்தைத் தந்திக்குத் தந்தி பிரிட்ஜை நோக்கி முன்தள்ளுகிறது. கிட்டார் கலைஞர் பஸ் ஃபைட்டனின் முறையில் நட்டை முன்தள்ளுவதோடு சேடில்களையும் அவர் வகுத்த சென்ட் அளவுகளில் வைக்கிறார்கள். நட் 1 மில்லிமீட்டர் முன்வந்தால், விரல் வைக்காத தந்தியை ஒப்பிட எல்லா ஃப்ரெட்டுகளும் ஒரே அளவாக 2.7 சென்ட் இறங்கும். சேடிலால் முடியாத வேலை இதுதான். ஆனால் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டியதும் நட்டின் பங்கு மறைந்துவிடுவதால், கேப்போவோடே வாசிப்பவர்களுக்கு இதில் பயன் குறைவு.

ஸ்வீடனின் ட்ரூ டெம்பரமென்ட் ஃப்ரெட்டுகள் ஒவ்வொரு தந்திக்கும் ஏற்ப வளைந்து நெளிந்து, ஒவ்வொரு சுரத்தையும் தனியே இடம் பார்த்து வைக்கின்றன. துல்லியத்தில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகா. ஆனால் கழுத்தையே மாற்ற வேண்டும்; தேய்ந்த ஃப்ரெட்டை எல்லாப் பட்டறையிலும் மாற்ற முடியாது. இதற்குச் செலவிடும் முன், கேட்பது பிசகா அல்லது சமப்பகுப்பின் (ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச் சுரங்களாகப் பிரிக்கும் முறையின்) இயல்பா என்று உறுதிசெய்வது அவசியம். தம்புராவில் தானே எழும் அந்தர காந்தாரத்தில் பழகிய காதுக்கு, கிட்டாரின் மேஜர் மூன்றாம் சுரம் எப்போதும் சுமார் 14 சென்ட் கூடுதலாகவே ஒலிக்கும். இ மேஜரில் மூன்றாம் தந்தி ஒலிப்பது அந்தச் சுரம்தான். அது இனிமையாகும்வரை அந்தத் தந்தியைத் தளர்த்தினால், அடுத்து வரும் ஜி மேஜரில் அதே தந்தி தாழ்ந்து ஒலிக்கும்.