டிசம்பரில் கிழக்குக் கரை: பினாங்கில் எங்களுக்கு விற்கப்பட்ட தேனிலவு

சென்ற வாரம் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா வழியாக நடந்து போனபோது, மாடியில் இருந்த ஒரு பயண முகவர் கடையின் சன்னலில் தொங்கிய பதாகையைப் பார்த்து நின்றுவிட்டேன். "டிசம்பர் தேனிலவு, இலங்கை: மலையும் கடலும்" என்று எழுதி, கீழே கண்ணாடி போன்ற நீலக் கடலைப் போட்டிருந்தார்கள். 2023இல் எங்கள் திருமணத்துக்கு முன் இதே படத்தைக் காட்டித்தான் இதே கடைக்காரர் எங்களிடம் 8,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கினார். பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கடையின் பெயரை நான் எழுதுவதற்கில்லை. விற்ற விதத்தை எழுத எந்தத் தடையும் இல்லை.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவன். பள்ளி நாள்களில் ஃபெர்ரியில் போய்வந்து, வார இறுதியில் பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் உட்கார்ந்து வளர்ந்த எனக்குக் கடல் ஒரு புதுமையே அல்ல. தேனிலவுக்குக் குளிரும் பனிமூட்டமும் மலைக் கிராமமுமாக ஓரிடம் வேண்டும் என்றேன். என் மனைவியோ கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் வளர்ந்தவள்; காலையில் கதவைத் திறந்தால் தேயிலை, மாலையில் மூடினால் தேயிலை என்று இருந்தவளுக்குக் கடல்தான் வேண்டியிருந்தது. இருவருக்கும் மொழிப் பிரச்சினை இல்லாத வெளிநாடு, கோலாலம்பூரிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம் என்பதால் இலங்கை என்று முடிவானது. மலையா கடலா என்பது மட்டும் முடிவாகவில்லை. அந்த முடிவாகாத நிலையோடு நாங்கள் முகவரிடம் போனதுதான் முதல் தவறு.

"எதுக்குத் தம்பி சண்டை? ரெண்டும் தர்றேன்" என்றார் அவர். ஐம்பது வயதைத் தாண்டிய, நெற்றியில் திருநீறு இட்ட, எங்கள் இருவரின் ஊரையும் குலதெய்வத்தையும் விசாரித்த மனிதர். மலை ஊர்களான நுவரெலியாவில் இரண்டு இரவு, எல்லாவில் ஒன்று, கிழக்குக் கரையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் மூன்று என ஆறு இரவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாங்களும் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுக்காமல் தப்பித்தோம் என்ற மகிழ்ச்சியில், அந்தத் தாளில் தேதிக்கும் இடத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்பணம் 4,000 வெள்ளியைக் கடையில் கட்டினோம். மீதியை, நிறுவனக் கணக்கில் ஏதோ கோளாறு என்று சொல்லி, ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அண்ணன் சொல்கிறாரே என்று அனுப்பிவிட்டோம்.

மலைப் பகுதியைப் பற்றிப் பெரிய குறை சொல்ல மாட்டேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் குளிர் எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இதுக்கு எங்க அம்மா வீட்டுக்கே போயிருக்கலாம், சாப்பாடாவது ஒழுங்காக் கிடைச்சிருக்கும்" என்றாள். ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியோடு அவள் பேசத் தொடங்கியபோது, கூடையை மாட்டும் முறையிலிருந்து கங்காணி காலத்துக் கதை வரை தன் பாட்டி சொன்னதையே மறுபடி கேட்கிறோம் என்று கண் கலங்கினாள். அந்த அரை மணி நேரத்தை எந்தத் தொகுப்புப் பயணமும் விலைக்குத் தர முடியாது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயாவிலிருந்து எல்லாவுக்கு இரயிலில் முன்பதிவு செய்த இருக்கைகள் என்று தாளில் இருந்தது. நிலையத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்தப் பாதையின் முன்பதிவு பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு திறந்து வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதை எங்களுடன் நெரிசலில் நின்ற வேறு பயணிகள் சொல்லித்தான் அறிந்தோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கதவோரம் நின்றபடியே போனோம்.

மறுநாள் எல்லாவிலிருந்து நிலாவெளிக்கு வண்டியில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் மழை. விடுதியை அடைந்தபோது, தாளில் எழுதியிருந்த பெயர் ஒன்று, வாசலில் இருந்த பெயர் வேறு. முகவருக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "அல்லது அதற்கு இணையான விடுதி" என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் இலைகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. கடற்கரையில் சாய்விருக்கைகளைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். படத்தில் நீலமாக இருந்த கடல், மண் கலந்த தேநீர் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு படிக்கட்டு வரை ஏறி இறங்கியது. பவளப்பாறைகளுக்குப் பெயர்பெற்ற புறாத் தீவுக்குப் படகுப் பயணம் என்பதும் தொகுப்பில் உண்டு; மூன்று நாளும் ஒரு படகுகூடக் கடலில் இறங்கவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த முதியவர் எங்கள் கடப்பிதழ்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்தில ஆர் தம்பி உங்களை இஞ்ச அனுப்பினது?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது கேலியல்ல, இரக்கம். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அந்த மனிதர் ஒரு தாளின் பின்புறத்தில் தீவை வரைந்து விளக்கியதை, இலங்கைக் கடற்கரைக்குப் போக நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரே நேரத்தில் எல்லாக் கரையும் நன்றாக இருப்பதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தென்மேற்கு, தெற்குக் கரை ஊர்களான பெந்தோட்டை, காலி, மிரிசை பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலை, நிலாவெளி அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் நிலைமை தலைகீழாகும். அதிலும் நவம்பரும் டிசம்பரும் கிழக்குக் கரைக்குக் கடும் மழை மாதங்கள். அதே டிசம்பரில் தெற்கே மிரிசையில் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் புறப்பட்டுக்கொண்டிருக்கும். எங்களை உண்மையிலேயே வாட்டியது, எல்லாவிலிருந்து அந்தத் தெற்குக் கரைக்கு நாங்கள் வந்த தூரத்தில் ஏறத்தாழப் பாதிதான் என்பது. சரியான கடல் பக்கத்திலேயே இருக்க, தவறான கடலுக்கு இரு மடங்கு நேரம் வண்டியில் குலுங்கி வந்திருக்கிறோம்.

இது முகவரின் அறியாமை என்று முதலில் நினைத்தேன். கடைசி நாள் காலையில் அந்த எண்ணம் மாறியது. அறையைக் காலி செய்யும்போது, அங்கிருந்த பையன் தவறுதலாக உள்ளூர் முகவருக்கு அனுப்ப வேண்டிய விலைச்சீட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டான். ஓர் இரவுக்கு 13,500 இலங்கை ரூபாய் என்று இருந்தது. மேலே "பருவமற்ற காலக் கட்டணம்" என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நம் பணத்தில் அது அன்றைக்கு 200 வெள்ளிகூட வராது. பினாங்கில் எங்களுக்குக் கொடுத்த தாளில் அதே இரவுக்கு 620 வெள்ளி. ஆளில்லாத மாதத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அறையை எடுத்து, கூட்டம் அலைமோதும் மாதத்து விலைக்கு எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். பையன் பதறிச் சீட்டைத் திரும்பக் கேட்பதற்குள் என் மனைவி அதைப் படம் எடுத்துவிட்டாள்.

திரும்பி வந்து கடைக்குப் போனோம். மழை இறைவன் செயல், அதற்கு நான் என்ன செய்வது என்றார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த சான்றிதழை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்: அது நிறுவனங்கள் ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்ததற்கான தாள். அந்தப் பதிவு யாரும் எந்த வியாபாரத்துக்கும் செய்து கொள்ளக்கூடியது. சுற்றுலா நடத்துவதற்கு 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் தனியாக வேண்டும். நம்மவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக அவுட்பவுண்ட் என்ற பிரிவில் அது இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொன்னபோது, அவர் எடுத்துக் காட்டியது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்த பழைய நகல். முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை என்று தெரிந்தது. கட்டணம் 5 வெள்ளி. சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம். நிலாவெளியின் மூன்று இரவுகள், கிடைக்காத இரயில் இருக்கைகள், நடக்காத படகுப் பயணம் எல்லாம் சேர்த்து 2,600 வெள்ளி கேட்டோம். பற்றுச்சீட்டு, வங்கிப் பரிமாற்றச் சான்று, அவர் கைப்பட எழுதிய தாள், விலைச்சீட்டின் படம் ஆகியவற்றை இணைத்தோம். தனிநபர் கணக்குக்குப் போன பாதிப் பணம் தமக்கு வரவே இல்லை என்று அவர் எழுத்தில் பதில் தந்தபோது, பரிமாற்றச் சான்றை வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வியர்த்துப் போனேன்.

விசாரணைக்கு முன்பே அவர் சமரசத்துக்கு இறங்கி வந்தார். இரண்டு காசோலைகளில் 2,100 வெள்ளி; பதிலுக்குக் கடையின் பெயரை வெளியிடுவதில்லை என்று நாங்கள் கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொண்டோம். கையெழுத்திடும் முன் என் மனைவி ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள்: இனி விளம்பரத்தில் எந்தக் கடலின் படத்தைப் போட்டாலும், அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்பதை அருகில் எழுத வேண்டும் என்று. பணத்துக்குச் சம்மதித்தவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. சென்ற வாரம் நான் பார்த்த பதாகையிலும் அந்தப் படத்துக்குக் கீழே மாதம் இல்லை.